காட்டுக்குக் கட்டிய குழாய் வீட்டுக்கு வந்தால்

குழாய் ஸ்பீக்கரை வீட்டில் மாட்டிப் பாட்டுக் கேட்க ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வால்யூமைத் தொட்டாலே அடிக்குதுண்ணே. கம்மியா வைக்க இடமே இல்ல. பாட்டு நின்னாலும் உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் ஓடிக்கிட்டே இருக்கு. ஆம்ப் கோளாறா, யூனிட் கோளாறா?" இரண்டிலும் கோளாறு இல்லை. இரண்டும் தங்கள் வேலையை முழுசாகச் செய்கின்றன. அந்த வேலை வீட்டு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழி, நரிக்குடி பக்கம் போனால் ஊருக்கும் ஊருக்கும் நடுவே கரிசலும் சீமைக்கருவேலமுமாக வெட்டவெளி கிடக்கும். மாசிக் களரிக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் வேப்பமரத்திலோ மூங்கில் கம்பத்திலோ குழாயைக் கட்டி, நாலு திசைக்கும் திருப்பி வைப்பார்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்டால் போதாது. காட்டில் பருத்தி எடுக்கிறவர்களுக்கும், கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவருக்கும், அடுத்த ஊரில் இருக்கிற சொந்தபந்தத்துக்கும் இன்றைக்கு இங்கே சாமி கும்பிடு என்று தெரியவேண்டும். எல்.ஆர். ஈஸ்வரியும் சீர்காழியும் டி.எம்.எஸ்.ஸும் நம்ம பக்கத்து ஜனங்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள், காற்று வழியாக, காடு தாண்டி.

இப்போது கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் திருவிழா அனுமதியே கிடைக்கிறது. மைக்செட்காரர்கள் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். குழாய்கள் கொஞ்சம் பழைய இரும்புக்குப் போயின. கொஞ்சம் மதுரை, விருதுநகர், தூத்துக்குடி பக்கத்து ரசிகர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மூடிய சினிமாக் கொட்டகைகளில் திரைக்குப் பின்னால் நின்ற ஹாரன்களும் அப்படியே. இவற்றை வாங்கிப் பாதுகாக்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான், "சத்தம் தாங்கல, வித்துடலாம்னு இருக்கேன்" என்று யாராவது சொன்னால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. விற்க வேண்டியதில்லை. சில ரெசிஸ்டரும் ஒரு பழைய டிரான்ஸ்பார்மரும் இருந்தால் இதைச் சரிசெய்யலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்குப் புரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

நல்ல யூனிட் (சத்தத்தை எழுப்புகிற பாகம்) போட்ட குழாய் ஒன்று, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வீட்டுக்கென்று விற்கிற சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் அதே 1 வாட்டுக்கு 87 டெசிபல் அளவில் நிற்கும். இடைவெளி 18 டெசிபல். டெசிபல் கணக்கில் 3 கூடினால் வாட் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. 18 என்றால் அறுபது மடங்குக்கும் மேல். குழாயில் 1 வாட்டில் வருகிற சத்தத்தைப் பெட்டியில் எடுக்க 60 வாட் ஆம்ப் வேண்டும்.

இப்படி ஒரு பொருளைச் செய்ததற்குக் காரணம் அந்தக் காலத்து ஆம்ப். 1926-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வென்ட், துராஸ் என்ற இரண்டு பேர் பேசும்படத்துக்காக 555 என்ற யூனிட்டை உருவாக்கினார்கள். சின்னத் தகடு ஒன்று குறுகலான துவாரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ள, ஹாரன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து வெளியே விடும். இன்றைக்கு நம் வீட்டில் தொங்குகிற குழாயிலும் அதே தத்துவம்தான். அன்றைய வால்வு ஆம்ப் கொடுத்தது சில வாட்கள். அதை வைத்து ஒரு கொட்டகையையே நிரப்பவேண்டும். வாட் தங்கமாக இருந்த காலத்தில் ஸ்பீக்கர் சிக்கனமாக இருந்தே ஆகவேண்டும். இன்று உள்ளங்கை அகல போர்டு 50 வாட் கொடுக்கிறது. ஸ்பீக்கர் அந்தக் காலத்துது, ஆம்ப் இந்தக் காலத்துது. சிக்கல் அந்தச் சேர்க்கையில் பிறக்கிறது.

இப்போது தூரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். குழாய்க்கு 30 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 120 டெசிபல். அது 1 கிலோமீட்டர் போவதற்குள் 60 குறைந்து, 60 டெசிபலாகக் காட்டில் கேட்கும். பக்கத்தில் ஒருவர் பேசுகிற அளவு. காற்று அடிக்கிற திசையும் வெயிலும் இதைக் கூட்டும், குறைக்கும். ஆனாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். அதே குழாய்க்கு எதிரே நீங்கள் வீட்டுக்குள் 3 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆயிரம் மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு வந்ததில் 50 டெசிபல் மிச்சம். மடங்கில் சொன்னால் ஒரு லட்சம்.

இந்த 50 டெசிபல்தான் நம்முடைய பிரச்சினை முழுவதும். கிணற்று மோட்டாரைப் போட்டுச் செம்பில் தண்ணீர் பிடிக்கிற வேலை இது.

வீட்டில் நிதானமாகப் பாட்டுக் கேட்க 75 டெசிபல் தாராளம். 3 மீட்டரில் அதைக் கொண்டுவரக் குழாய்க்கு வேண்டியது 10 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. பாட்டில் தவில் தட்டும்போதும் நாதஸ்வரம் எகிறும்போதும் ஒரு கணம் 20 டெசிபல் மேலே போனாலும் 1 வாட்டைத் தாண்டாது. வோல்ட்டில் சொன்னால், 16 ஓம் யூனிட்டுக்குச் சராசரியாக 0.4 வோல்ட். இதற்கு நீங்கள் வைத்திருப்பது 100 வாட் மைக்செட் ஆம்ப். அதன் 8 ஓம் முனையில் முழுச் சத்தத்தில் 28 வோல்ட் வரும். ஆக்ஸ் துளையில் 100 மில்லிவோல்ட் கொடுத்தாலே அந்த 28 வோல்ட்டையும் தரும்படிதான் பல செட்டுகளை அமைத்திருப்பார்கள். 280 மடங்கு, 49 டெசிபல் கெயின். பழைய டேப் டெக்கும் ரேடியோவும் சன்னமான சிக்னல் கொடுத்த நாளில் அது தேவையாக இருந்தது. இன்றைய டிவிடி பிளேயர் 2 வோல்ட் வரை கொடுக்கிறது. ஆம்ப் எதிர்பார்ப்பதைப்போல் இருபது மடங்கு, இன்னொரு 26 டெசிபல்.

எல்லா உபரியையும் சுமந்து நிற்பது யார்? வால்யூம் குமிழ் ஒன்றுதான். வீட்டில் வருகிற மூன்று தொல்லைகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஒன்று, குமிழில் இடம் இல்லாமல் போவது. உள்ளே இருப்பது லாக் வகை பொட்டென்ஷியோமீட்டர். பாதி திருப்பினாலும் நூற்றில் பத்துப் பதினைந்து பங்கு வோல்ட்டேஜ்தான் விடும். நமக்கு வேண்டியதோ அதிலும் சொற்பம் என்பதால் ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே, ஒரு நகக்கண் அகலத்தில், மொத்தச் சங்கீதமும் முடிந்துவிடுகிறது. அந்த அடிப்பகுதியில் இடது, வலது தடங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இடது குழாய் பாடிக்கொண்டிருக்கும், வலது குழாய் முணுமுணுக்கும். பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். குமிழைப் பத்து மணி, பதினொரு மணிக்குக் கொண்டுவந்து பாருங்கள், அதே பொட்டென்ஷியோமீட்டர் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

இரண்டு, இரைச்சல். எந்த ஆம்பும் சும்மா இருக்கும்போதுகூட வெளிமுனையில் ஏதோ கொஞ்சம் இரைச்சலை விடும். 1 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் பெட்டி ஸ்பீக்கரில் அது 18 டெசிபல்; காதுக்கு எட்டாது. 16 ஓம் குழாயில் அதே 1 மில்லிவோல்ட் 33 டெசிபல். பகலில் இதுவும் தெரியாது. அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓடுகிற தெருவில் குடியிருந்தால் ராத்திரி வரைக்கும் தெரியாது. தறி நின்று, தெரு அடங்கின பிறகு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்டால் குழாய் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்கும். கிராமத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ராத்திரி அமைதி 30 டெசிபலுக்கும் கீழே போய்விடும். இரைச்சலோடு சேர்ந்து வருகிற 'கிர்' சத்தம் கரண்டிலிருந்து வருவது. குழாய் 50 ஹெர்ட்ஸை வெளியே விடாது. அதன் மடங்குகளான முன்னூறு, நானூறு ஹெர்ட்ஸை நன்றாகவே விடும். அதனால்தான் பெட்டியில் 'ம்ம்ம்' என்று கேட்பது குழாயில் 'கிர்ர்' என்று கேட்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. ப்ளூடூத் போர்டை ஆன் செய்ததும் 'இணைந்துவிட்டேன்' என்று அறிவிக்கிற குரல் இருக்கிறதே, அது போனில் நீங்கள் வைத்திருக்கிற வால்யூமுக்குக் கட்டுப்படுவதில்லை. ஆம்பில் குமிழ் கொஞ்சம் தவறி இருந்தால் அந்தக் குரல் 110 டெசிபலில் அறைக்குள் வெடிக்கும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வருகிற 'டொப்'பும் அப்படியே. கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்குமேல் தாங்காது என்பதுதான் தொழிற்கூடங்களுக்குப் பரிந்துரைக்கிற அளவு. அதனால் கெயினைக் குறைப்பதை நான் ரசனை விஷயமாக மட்டும் பார்ப்பதில்லை.

சரி, எங்கே குறைப்பது? அதற்கு முன்னால் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ராத்திரி வீடு அடங்கினதும் பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுசாகக் குறையுங்கள். இரைச்சலும் கூடவே குறைந்தால், அது குமிழுக்கு முன்னாலிருந்து வருகிறது. போன், ப்ளூடூத் போர்டு, செட்டாப் பாக்ஸ், மிக்சர் இவற்றில் ஏதோ ஒன்று. குமிழை மூடின பிறகும் இரைச்சல் அப்படியே நின்றால் அது ஆம்பின் பின்பாதியில் பிறப்பது. முன்னால் நீங்கள் என்ன மாட்டினாலும் அது குறையாது. இந்த ஒரு பாகுபாடு தெரியாமல் கேபிள் மேல் கேபிள் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். கெட்டியான விதி இதுதான்: இரைச்சல் பிறக்கிற இடத்துக்குப் பின்னால் குறைத்தால்தான் இரைச்சலும் சேர்ந்து குறையும்.

குமிழில் இடம் போதவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் வைத்தியம் ஆம்புக்கு முன்னால். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு, அதற்கப்புறம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம் போட்டால் சிக்னல் பதினொன்றில் ஒரு பங்காகும், 21 டெசிபல் குறையும். கால் வாட் ரெசிஸ்டர் போதும், சில ரூபாய்தான். இதை போன் முனையில் வைக்காமல் ஆம்ப் முனையில், ஆர்சிஏ பின்னுக்குள்ளேயே பற்றவைத்துவிடுங்கள். வழியில் கேபிள் பிடித்துக்கொண்டு வருகிற சத்தமும் அங்கே சேர்ந்து அடிபடும். மைக்செட் ஆம்ப் ஒற்றைச் சேனல் என்பதால் போனின் இடது, வலது இரண்டையும் சேர்த்து ஒரே வயராக முறுக்கிவிடுகிறார்கள். அது போனுக்கு நல்லதில்லை. இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு 10 கிலோ ஓம், இரண்டும் சேருகிற இடத்தில் பொதுவாக ஒரு 1 கிலோ ஓம் போட்டுவிட்டால், இரண்டு சேனலும் பக்குவமாகக் கலக்கும், கூடவே பதினைந்து பதினாறு டெசிபலும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

போனில் வால்யூமைக் கால்வாசி வைத்துக்கொண்டு ஆம்பில் திறந்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஜிட்டலில் குறைக்கிற ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு பிட் போகும். போனுக்கும் போர்டுக்கும் உரிய இரைச்சல் மட்டும் குறையாமல் அப்படியே நிற்கும். போனை முக்காலுக்கு மேலேயே வைத்துவிட்டு, குறைப்பதை எல்லாம் அதற்கப்புறம் செய்யுங்கள்.

அடுத்தது ஆம்புக்குள்ளேயே கெயினைக் குறைப்பது. இதைச் சாலிடரிங் தெரிந்தவர்கள் மட்டும் செய்யலாம். ஆன்லைனில் வருகிற டி.பி.ஏ. 3116 போர்டுகளில் 20, 26, 32, 36 டெசிபல் என்று நாலு கெயின் வைக்க ஐசியிலேயே வழி இருக்கிறது. ஒரு ஜோடி ரெசிஸ்டரை மாற்றினால் கெயின் மாறும். 36-ல் இருக்கிற போர்டை 20-க்குக் கொண்டுவந்தால் 16 டெசிபல் லாபம், இரைச்சலும் கூடவே இறங்கும். டி.டி.ஏ. 2030 போர்டில் 24 டெசிபலுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார்கள். எல்.எம். 3886 பத்து மடங்குக்கு, அதாவது 20 டெசிபலுக்குக் கீழே நிலை தடுமாறும். தடுமாறினால் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஐசி தானாகவே அலற ஆரம்பித்துச் சூடேறி, யூனிட்டின் காயிலையும் சுட்டுவிடும். குறைத்தது போதும் என்று நிறுத்தத் தெரியவேண்டிய இடம் இது.

ஆனால் பின்பாதியில் பிறக்கிற இரைச்சலுக்கு உண்மையான வைத்தியம் ஆம்புக்கும் குழாய்க்கும் நடுவில்தான் இருக்கிறது. அதற்கு நான் பெரிதாக மதிக்கிற ஒரு பொருள், எந்த மைக்செட் கடையிலும் மூலையில் தூசி படிந்து கிடக்கும். லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர். மைக்செட்காரர்கள் சுருக்கமாக எல்.எம்.டி. என்பார்கள்.

ஊர் நெடுக வயர் இழுத்துப் பத்துப் பதினைந்து குழாய் கட்டும்போது, ஆம்பின் 100 வோல்ட் முனையிலிருந்து லைன் ஓடும். வயரே சத்தத்தைத் தின்றுவிடாமலிருக்க அந்த ஏற்பாடு. ஒவ்வொரு குழாயிலும் ஒரு எல்.எம்.டி. உட்கார்ந்து 100 வோல்ட்டை யூனிட்டுக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுக்கும். அதன் வாட் முனைகளுக்கு டேப் என்று பெயர். 10 வாட் டேப்பில், 16 ஓம் யூனிட்டுக்கு அது கொடுப்பது 12.6 வோல்ட். எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இப்போது இதை 100 வோல்ட் முனையில் மாட்டாமல், உங்கள் ஆம்பின் சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர் முனையில் மாட்டுங்கள். டிரான்ஸ்பார்மருக்கு வோல்ட்டேஜ் எவ்வளவு என்று கவலை இல்லை. உள்ளே வருவதை அதே விகிதத்தில் இறக்கித் தரும். சிக்னலும் இரைச்சலும் 'கிர்'ரும் 'டொப்'பும் எல்லாம் சேர்ந்து 18 டெசிபல் கீழே போகும். 33 டெசிபலில் ஊதிக்கொண்டிருந்த இரைச்சல் 15-க்கு இறங்கிவிடும். அதற்கப்புறம் காதைக் குழாய் வாயில் வைத்தால்தான் தெரியும். டேப்பை 5 வாட்டுக்கு மாற்றினால் 21 டெசிபல் குறையும், 20 வாட்டுக்கு மாற்றினால் 15. வீட்டுக்கு எது பொருந்துகிறது என்று ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேட்டுத் தீர்மானிக்கலாம்.

சத்தம் போதாமல் போய்விடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: 12 வோல்ட் வரை தருகிற சின்ன 20 வாட் ஆம்பில்கூட, 18 டெசிபல் குறைத்த பிறகு 3 மீட்டரில் 87 டெசிபல் வரை வரும். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிற அளவு அது. போதாது என்றால் 20 வாட் டேப்புக்குப் போங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆம்ப் செத்து டிசி வெளியே வந்தால் யூனிட்டின் காயில் கருகிவிடும். நடுவில் டிரான்ஸ்பார்மர் இருந்தால் டிசி அதைத் தாண்டாது. பழைய யூனிட்டுக்கு டயாபிரம் கிடைப்பதே அரிதாகிவிட்ட நாளில் இது சின்ன விஷயம் இல்லை. எல்.எம்.டி. வழியாகப் போனால் அடித்தட்டுச் சத்தம் (பேஸ்) குறையும் என்பது உண்மைதான். குழாய் அந்தச் சத்தத்தை எப்படியும் தராது என்பதால் நமக்கு அதில் நஷ்டமில்லை.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் மட்டும் இங்கே நிற்க வேண்டும். எல்.எம்.டி. மாட்டினால் ஆம்புக்கு முன்னால் தெரிவது 8 ஓம் இல்லை, ஏறக்குறைய 1000 ஓம். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அது சுமையே இல்லை, சந்தோஷமாக ஓடும். வால்வு ஆம்புக்கோ வெளிமுனை திறந்து கிடப்பது போல. வால்யூமை ஏற்றினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போய்விடும். அதனால் ஆம்பின் 8 ஓம் முனைகளுக்குக் குறுக்கே 10 ஓம், 10 வாட் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டு, அதற்கப்புறம் எல்.எம்.டி.யை இணையுங்கள். கிளாஸ் டி போர்டுகளுக்கும் இந்த ரெசிஸ்டர் நல்லதுதான். அந்த போர்டுகளில் ஸ்பீக்கர் வயர் இரண்டில் எதையும் கிரவுண்டில் சேர்த்துவிடாதீர்கள்.

எல்.எம்.டி. கிடைக்காத ஊர் என்றால் சிமென்ட் ரெசிஸ்டரே போதும். 16 ஓம் குழாய்க்குக் குறுக்கே 8.2 ஓம், அந்த இரண்டுக்கும் முன்னால் தொடரில் 10 ஓம், இரண்டும் 10 வாட். 9 டெசிபல் குறையும், ஆம்ப் பார்க்கிற சுமை 15 ஓமுக்குச் சற்று மேல். சிக்னலில் பெரும்பகுதி ரெசிஸ்டரில் சூடாகப் போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். நமக்கு வேண்டியதே 10 மில்லிவாட்தான்.

குழாயோடு கீழே பேஸ் பெட்டி சேர்த்து வைக்கிறவர்களுக்கு இந்த வேலை இன்னும் அவசியம். பெட்டி 90 டெசிபல், குழாய் 105 டெசிபல் என்றால், ஒரே ஆம்பில் இரண்டையும் கட்டினால் பெட்டி ஊமையாகிவிடும். குழாயின் வழியில் மட்டும் எல்.எம்.டி. வைத்து 15 டெசிபல் குறையுங்கள், இரண்டும் சமமாகும். குழாய்க்குத் தேவையில்லாத அடித்தட்டுச் சத்தத்தை வெட்ட யூனிட்டுக்கு முன்னால் தொடரில் ஒரு கெபாசிட்டர் வேண்டும். 16 ஓமுக்கு 25 மைக்ரோஃபாரட் போட்டால் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும். ஆடியோவுக்கென்று விற்பதைத் தேடி மதுரைக்கு ஓட வேண்டாம். போர்வெல் மோட்டாருக்குப் போடுகிற ரன்னிங் கெபாசிட்டர் நம்ம பக்கத்து எல்லா மோட்டார் ரீவைண்டிங் கடையிலும் கிடைக்கும். பிளஸ், மைனஸ் இல்லாத வகை, இந்த வேலைக்குக் கச்சிதம். புதுசாக வாங்குங்கள். மோட்டாரிலிருந்து கழற்றினது உள்ளே சார்ஜ் வைத்திருந்து கையில் அடிக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் 'கிர்' நிற்கவில்லை என்றால் எர்த்தைப் பார்க்க வேண்டும். நம்ம கரிசல் மண்ணின் குணம் எல்லோருக்கும் தெரியும். மழைக்கு உப்பி, கோடையில் கைநுழைகிற அளவு வெடிக்கிற மண். சித்திரை, வைகாசியில் எர்த் பைப்பைச் சுற்றி மண் சுருங்கி விலகிவிடும். பைப்புக்கும் பூமிக்கும் தொடர்பே அற்றுப்போகும். கரியும் உப்பும் போட்ட குழியில் கோடை முழுக்க வாரம் ஒருமுறையாவது தண்ணீர் ஊற்றவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் சடங்கு இல்லை. குடிக்கவே தண்ணீர் வாங்குகிற ஊரில் இதற்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பாத்திரம் கழுவின தண்ணீர் போதும். சத்தம் நிற்கவேண்டும் என்பதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உலோகப் பெட்டியுள்ள பழைய ஆம்பில் ஒரு வயர் கழன்று பெட்டியில் பட்டால் உயிருக்கு ஆபத்து. செட்டாப் பாக்ஸ் இணைத்தால் மட்டும் 'கிர்' வருகிறதா? தெருவிலிருந்து வருகிற கேபிளைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அந்தக் கேபிள் இன்னொரு எர்த்தைச் சுமந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். ஆடியோ வயரில் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று போட்டால் தீரும்.

குழாய் என்றாலே அலறல் என்று ஒரு பெயர் வந்துவிட்டது. 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியே ஒலிபெருக்கியே கூடாது. திருவிழாவில் காது வலிக்க வலிக்கக் கேட்டவர்களுக்கு அந்த விதியில் நியாயம் இருக்கிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழாயின் உண்மையான அழகை அந்தச் சத்தத்தில் யாரும் கேட்டதில்லை. 10 மில்லிவாட்டில் யூனிட்டின் தகடு அசைவதே தெரியாது. அவ்வளவு லேசாக அசைவதால் திரிபு மிகக் குறைவு. ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகளில் குரல்தான் முன்னால் நிற்கும், அந்தக் குரலின் அலைவரிசைதான் குழாயின் சொந்த இடம். டி.எம்.எஸ். மூச்சு வாங்குகிற இடம், சீர்காழி ஒரு மெய்யெழுத்தை அழுத்தி விடுகிற இடம் எல்லாம் 65, 70 டெசிபலில், எதிரே ஒருவர் உட்கார்ந்து பாடுகிற நெருக்கத்தில் கிடைக்கும். இரைச்சலை இறக்கினால்தான் அது கிடைக்கும். இத்தனை நாள் குழாயைப் பிடிக்கவில்லை என்று சொன்ன வீட்டுப் பெண்கள், எல்.எம்.டி. போட்ட மறுநாள் சமையலறையிலிருந்து, "அந்தப் பாட்டை இன்னொரு தடவை வைங்க" என்று கேட்டதாகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் ஆச்சரியம் இல்லை.

கடைசியாக, இரண்டு குழாய் வைக்கிறவர்களுக்கு. இரண்டு எல்.எம்.டி.யும் ஒரே கம்பெனி, ஒரே வாட், ஒரே டேப்பாக இருக்கட்டும். பழையதில் முனைகளின் எழுத்து அழிந்திருக்கும்; மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் அதிகம் காட்டுகிற பக்கம் 100 வோல்ட் பக்கம், ஓரிரு ஓம் காட்டுவது யூனிட் பக்கம். இணைத்த பிறகு ஏதாவது ஒரு பழைய மோனோ பாட்டைப் போட்டு இரண்டு குழாய்க்கும் நடுவில் நில்லுங்கள். குரல் நேர் எதிரே வராமல் தலையைச் சுற்றிச் சிதறினால், ஒரு குழாயில் மட்டும் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டுங்கள்.